ஆற்றில் தேய்ந்த உரோமானியக் காசுகள்

ஆரணிக்குச் சென்றிருந்தபோது ஒரு நெசவாளர் வீட்டில், தறியருகே சற்று நேரம் அமர்ந்திருந்தோம். முந்தானையில் ஜரிகை அன்னங்கள் ஒவ்வொன்றாக உருவாகிக்கொண்டிருந்தன. அன்னத்திற்கு என்ன பொருள் என்று வினவினோம். "அது தெரியாதுங்க. எங்கப்பா காலத்துலேர்ந்து இருக்கு. கேக்கறாங்க, போடறோம்" என்றார். பழங்காசுகளில் ஈடுபாடு கொண்ட எங்களுக்கு அவ்விடை கரூரை நினைவூட்டியது.

கரூரில் அமராவதிப் படுகையிலும் மதுரையில் வைகைப் படுகையிலும் உரோமானியச் செப்புக்காசுகள் மிகுதியாகக் கிடைத்துள்ளன. அவற்றை ஆராய்ந்து இரா. கிருஷ்ணமூர்த்தி 1994இல் தனி நூலே வெளியிட்டார். அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்துப் பொன்னும் வெள்ளியும் மிளகுக்காக இங்கு வந்த கதையை நாம் அறிவோம். இவை அவற்றுக்குப் பிந்தியவை, பெரும்பாலும் கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. விரல் நகத்தளவே உள்ள சில்லறைகள்.

ஆனால் அச்சிறு பரப்பில் ஒரு பேரரசு தன் அச்சத்தை எவ்வளவு மறைத்திருக்கிறது! கி.பி. 348 அளவில் தோன்றிய ஒரு வகையில், குதிரையோடு விழும் பகைவனை வீரன் ஈட்டியால் குத்துகிறான். சுற்றிலும் நற்காலம் மீண்டது என்னும் பொருள்பட இலத்தீன் வாசகம். எல்லைகளிலோ போர் ஓயவில்லை. அந்நூற்றாண்டின் இறுதியில் வந்த வேறொரு வகையில் வெற்றித் தேவதை கைதி ஒருவனை இழுத்துச் செல்கிறாள்; அருகே கிறிஸ்துவின் பெயர்க்குறி. பழைய சமயத்தின் தேவதையும் புதிய சமயத்தின் சின்னமும் ஒரே காசில். வாசகம் அரசின் நலத்தைப் பாடுகிறது. 410இல் உரோம் நகரமே சூறையாடப்பட்டது.

இச்செய்திகளில் எதுவும் அமராவதிக் கரைக்கு வந்து சேர்ந்ததாகத் தோன்றவில்லை. காசுகள் பல மிகவும் தேய்ந்திருக்கின்றன. இங்கே நெடுங்காலம் சில்லறையாகக் கைமாறின என்று நாணயவியலாளர் பலர் கருதுவது இதனாற்றான். இலங்கையிலோ இவற்றைப் பார்த்து உள்ளூரிலேயே காசுகள் செய்தனர். அவற்றில் வீரர்கள் குச்சி உருவங்களாயினர். இலத்தீன் எழுத்துகள் வெறுங்கோடுகளாயின. இதனை அறியாமை என்பாருண்டு. எங்களுக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. பேரரசன் முகம் தெரியாத சந்தையிலும் அக்காசை நம்பி ஒருவர் நெல் அளந்திருப்பார் அல்லவா?

எங்கள் வருத்தம் வேறு. ஆற்று மணலில் அகப்படும் செப்புக்காசைப் புளியிட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடுவோர் இன்றும் உளர். பல நூற்றாண்டுப் புழக்கத்திலும் அழியாமல் எஞ்சிய ஈட்டிமுனை, அந்தப் பச்சைக் களிம்போடு போய்விடுகிறது.