பட்டினி கிடந்து பூக்கும் கொடி

சித்திரை வைகாசி மாதங்களில் இங்கிலாந்தின் பழைய வீட்டு முகப்புகளிலும் ஜப்பானியக் கோயில்களின் மூங்கிற் பந்தல்களிலும், நம் சரக்கொன்றையின் மஞ்சளை நீக்கி இளம் ஊதாவைத் தோய்த்தாற்போன்ற நீண்ட மலர்ச்சரங்கள் ஆயிரக்கணக்கில் தொங்கி நறுமணம் பரப்புவதைக் கண்டவர்கள், அந்தக் கொடியின் பெயர் விஸ்டீரியா என்பதை அறிந்தவுடனே தம் வீட்டுக்கும் ஒன்று வேண்டுமென ஆசைப்படுவது இயல்பு. ஆசைப்பட்டு நட்டவர்களுள் பலர், பத்தாண்டுகள் கழிந்தும் இலையன்றி வேறொன்றையும் காணாமல் மனம் சலித்துப்போவதும் அதே அளவு இயல்பு. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்ததாய், சீனம், ஜப்பான், அமெரிக்காவின் கிழக்குப் பகுதி ஆகியவற்றைத் தாயகமாகக் கொண்ட இக்கொடி, எத்தனை எத்தனை உபசாரம் செய்கிறோமோ அத்தனைக்கத்தனை பூக்க மறுக்கும் விசித்திர சுபாவம் வாய்ந்தது. இந்த சுபாவத்தை மனிதர்கள் கண்டுகொண்ட கதையே இக்கொடியின் தோட்டச் சரித்திரத்தில் பெரும் பகுதி என்பது என் அபிப்பிராயம்.

ஜப்பானியர் இதனை ஃபூஜி என்பர். அந்நாட்டில் இது தோட்டத்துக்கு வருமுன்பே வாழ்க்கைக்குள் வந்துவிட்டது. பருத்தி பரவுவதற்கு முந்திய நூற்றாண்டுகளில் மலைவாழ் எளியோர் இதன் உட்பட்டையை உரித்து, சாம்பல் நீரில் வேகவைத்து, நாராக்கி நெய்த முரட்டுத் துணியை உடுத்தினர். மறுபுறத்தில், கி.பி. 669-ஆம் ஆண்டு நகதோமி நோ கமதாரி என்னும் அமைச்சருக்குச் சக்கரவர்த்தி அளித்த ஃபூஜிவாரா என்ற குடிப்பெயரில் இக்கொடியின் பெயரே அமைந்தது. அந்தக் குடும்பமோ பின்னர் பல தலைமுறைகள் அரசவையைத் தன் கைக்குள் வைத்திருந்தது. அக்குடியினரின் கோயிலாகிய நாரா நகரத்துக் கசுகா ஆலயத்தில் இன்றும் இம்மலரே சின்னம். அவ்வாலயத்து முற்றத்தில், சரங்கள் நிலத்து மணலைத் தொடுமளவு தாழ்ந்து தொங்குவதாகப் புகழ்பெற்ற கொடி ஒன்றும் உண்டு. அதன் வயது எழுநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டது என்பது அங்குள்ள மரபு.

பூவைக் காணக் கூட்டங்கூட்டமாகச் செல்லும் வழக்கம் எடோ காலத்தில் நகர மக்களிடையே நன்கு வேரூன்றியது. எடோ நகரமாகிய இன்றைய தோக்கியோவில் உள்ள கமெய்டோ தென்ஜின் ஆலயக் குளத்தின்மேல் பந்தலிட்டுப் படரவிட்ட கொடிகளும், அவற்றின் பின்னே வளைந்தெழும் பாலமும் ஓவியர் ஹிரோஷிகே 1856-இல் தீட்டிய எடோ நகரக் காட்சிகள் வரிசையில் இடம்பெற்று, பிற்காலத்தில் ஐரோப்பியச் சித்திரக்காரர்களின் கண்ணிலும் பட்டன. கொடியைச் சுவரில் ஏற்றாமல் தட்டையான பந்தலில் கிடத்தி, சரங்கள் தலைக்குமேல் தடையின்றித் தொங்கும்படி செய்வது ஜப்பானியரின் நெடுங்காலக் கலை. மூன்றடி நான்கடி நீளச் சரங்களையுடைய வகைகளை அவர்கள் தேர்ந்து வளர்த்தமைக்கும் இப்பந்தலே காரணமாக இருக்கவேண்டும். சுவரோடு ஒட்டி வளரும் கொடியில் அத்தனை நீளத்துக்கு இடமேது? கொடியின் வேருக்கு அரிசி மதுவையும் அதன் வண்டலையும் வார்த்தால் நன்றாகப் பூக்கும் என்ற நம்பிக்கையும் அங்கு உண்டு. அது சாஸ்திரமோ சம்பிரதாயமோ, கொடிக்கு மது வார்க்கும் குடியானவனை எனக்குப் பிடித்திருக்கிறது.

ஐரோப்பிய வீட்டுத் தோட்டங்களை ஆட்கொண்டது இந்த ஜப்பானிய வகையன்று, சீன வகை. அதை அங்கே கொண்டு சேர்த்தவர்கள் தாவர சாஸ்திரிகளும் அல்லர், தேயிலை வர்த்தகர்கள். 1757 முதல் அபினி யுத்தம் முடியும்வரை அந்நிய வணிகர் எல்லோரும் காண்டன் துறைமுகத்தின் மதிலுக்கு வெளியே, ஆற்றங்கரைப் பண்டகசாலைகளில் அடைபட்டே வியாபாரம் செய்யவேண்டியிருந்தது. உள்நாட்டில் அலைந்து செடி தேட அவர்களுக்கு அனுமதியில்லை. ஆகவே அவர்கள் கண்டதெல்லாம் அருகிருந்த நாற்றுப் பண்ணைகளையும், அரசாங்க உரிமம் பெற்ற சீன வணிகர்களின் தோட்டங்களையுமே. அவ்வணிகருள் கொன்சீக்குவா என்று ஆங்கிலேயர் அழைத்த பான் சாங்யாவ் என்பவருடைய தோட்டத்தில் ஊதாச் சரங்களோடு ஒரு கொடி படர்ந்திருந்தது. 1812-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலைப் பரிசோதகராகக் காண்டனுக்கு வந்து சேர்ந்த ஜான் ரீவ்ஸ், தேயிலையை முகர்ந்து தரம் பிரிக்கும் நேரம் போக எஞ்சிய பொழுதை லண்டன் தோட்டக்கலைச் சங்கத்துக்குச் செடிகளும் செடிப் படங்களும் அனுப்புவதிலே செலவிட்டவர். அவர் போன்றவர்களின் ஊக்கத்தாலே அக்கொடியின் கன்றுகள் இரு கம்பெனிக் கப்பல்களில் ஏறின. வெல்பாங்க் என்னும் தலைவருடைய கப்பலில் ஒன்று, ராஸ் என்னும் தலைவருடைய ‘வாரன் ஹேஸ்டிங்ஸ்’ கப்பலில் மற்றொன்று என, 1816-ஆம் ஆண்டு மே மாதம் அவை இங்கிலாந்தை அடைந்தன.

அவை உயிரோடு வந்து சேர்ந்ததன் அருமையை உணர அக்காலக் கடற்பயணத்தை நினைக்கவேண்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் செடியை மூடி அனுப்பும் வார்டு என்பவரின் உபாயம் 1833-இல்தான் முதன்முதலாகக் கப்பலேறிற்று. அதற்கு முன் செடித்தொட்டிகள் மேல்தளத்தில் உப்புத் திவலையில் நனைந்து, நன்னீருக்குத் தவித்து, மாதக்கணக்கில் பயணம் செய்தன. மக்காவ் நகரில் இருந்த லிவிங்ஸ்டன் என்னும் கம்பெனி வைத்தியர், உயிரோடு கரைசேரும் ஒரு செடிக்கு ஆயிரம் செடிகள் மடிகின்றன என்று 1819-இல் கணக்கிட்டார்.

ராஸ் கொணர்ந்த கன்று, சர்ரே மாவட்டத்தில் ரூக்ஸ்நெஸ்ட் மாளிகையில் வாழ்ந்த சார்லஸ் ஹாம்ப்டன் டர்னரின் கைக்கு வந்தது. கீழ்த்திசையிலிருந்து வந்ததாயின் வெப்ப நாட்டுச் செடியாகத்தான் இருக்கவேண்டும் என்று எண்ணிய தோட்டக்காரர்கள், அதனைப் பீச் மரங்களுக்கென்று கணகணவென்று சூடேற்றி வைத்திருந்த கண்ணாடி வீட்டில் மிகுந்த பக்தி சிரத்தையோடு குடியேற்றினார்கள். கொடி வெம்பியது, செஞ்சிலந்திப் பூச்சி இலைகளில் பற்றியது, சாகும் தறுவாய்க்கு வந்துவிட்டது. பிறகு அதைக் குளிர்ந்த வேறோர் அறைக்கு மாற்றினார்கள்; அங்கே பனிக்காலத்தில் தொட்டி மண்ணே உறைந்துபோயிற்று. அந்த உறைபனிக்குப் பிறகே கொடி தெளிந்து, தளிர்த்து, 1819-இல் ஐரோப்பிய மண்ணில் முதன்முறையாகப் பூத்தது. இலையுதிர்த்து உறங்கும் சுபாவமுள்ள கொடிக்குக் குளிர்தான் மருந்து என்று அப்போது எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அவ்வாண்டே அதன் படம் ‘கர்ட்டிஸ் தாவரவியல் சஞ்சிகை’யில் வெளியாகி, கொடியின் புகழ் பரவிற்று.

லண்டனுக்கருகே சிஸ்விக்கில் தோட்டக்கலைச் சங்கம் வளர்த்த கொடி, இருபதாண்டுகளுக்குள் சுவரின்மேல் 180 அடி தூரம் படர்ந்துவிட்டது. 1840-ஆம் ஆண்டையொட்டி அதில் ஏறத்தாழ 9,000 சரங்களும், சரத்துக்கு எழுபத்தைந்து வீதம் 6,75,000 மலர்களும் இருந்ததாகக் கணக்கிட்டார்கள். எண்ணியவர்களின் பொறுமையை மெச்சுவதா, பெருக்கற் கணக்கை மெச்சுவதா என்று தெரியவில்லை. 1844-இல் ராபர்ட் ஃபார்ச்சூன் என்பவர் சீனத்திலிருந்து வெண்ணிற வகையைக் கொணர்ந்தார். ஜப்பானிய வகை சீபோல்டு என்பவர் வழியாக ஹாலந்துக்கும், பின்னர் 1862-இல் ஹால் என்னும் வைத்தியர் வழியாக அமெரிக்காவுக்கும் சென்றது. சீனக் கொடி பற்றுக்கோலை இடஞ்சுழியாகவும், ஜப்பானியக் கொடி வலஞ்சுழியாகவும் சுற்றிக்கொண்டு ஏறும். முன்னதில் இலை விரியுமுன்பே சரம் முழுதும் ஒருசேர மலர்ந்துவிடும். பின்னது அடியிலிருந்து நுனிவரை நிதானமாக மலர்ந்துகொண்டு போகும்.

புகழ் மட்டும் போகவேண்டிய இடத்துக்குப் போகவில்லை. 1818-இல் தாவர சாஸ்திரி தாமஸ் நட்டால் இப்பேரினத்துக்குப் பெயர் சூட்டியபோது, அவ்வாண்டின் தொடக்கத்தில் காலமான பிலடெல்பியா நகரத்து உடற்கூற்றுப் பேராசிரியர் காஸ்பர் விஸ்டாரை நினைவுகூர்ந்தார். நல்ல மனிதர்தாம், ஆனால் காண்டன் கொடிக்கும் அவருக்கும் யாதொரு சம்பந்தமுமில்லை. கொன்சீக்குவாவின் கதையோ பரிதாபமானது. அமெரிக்க வணிகர்களுக்குச் சரக்கைக் கடனாகக் கொடுத்துப் பணம் திரும்பாமல் தவித்து, 1814-இல் அமெரிக்க ஜனாதிபதி மாடிசனுக்கே முறையீடு எழுதிய அம்மனிதர், 1823-இல் கடனாளியாகவே இறந்தார். அவர் பெயரால் இக்கொடிக்கு ஒரு தாவரப் பெயர் சிறிதுகாலம் வழங்கிற்று; அதுவும் நிலைக்கவில்லை.

இனி, பூக்காத கொடிகளின் சங்கதி. விதையிலிருந்து முளைத்த கன்று பூப்பதற்குப் பதினைந்து, சில சமயம் இருபது ஆண்டுகள்கூட ஆகும். அப்போதும் பூ சிறுத்து, நிறம் வெளுத்திருக்கலாம். பூத்த கொடியின் கிளையை எடுத்து நாற்றின் வேரில் ஒட்டுக்கட்டினாலோ மூன்று நான்கு ஆண்டுகளில் பூ வந்துவிடும். இரண்டாவது சங்கதி எரு. அவரையின் உறவாகையால் இக்கொடி தன் வேர் முடிச்சுகளிலுள்ள நுண்ணுயிர்களின் துணையால் காற்றிலுள்ள தழைச்சத்தைத் தானே தேடிக்கொள்ளும். அதற்குமேல் நாம் சாணமும் உரமும் கொட்டினால், தின்று கொழுத்து இருபதடிக்குக் கொடி வீசுமேயன்றி அரும்பு கட்டாது. ஆகவேதான் முரண்டு பிடிக்கும் கொடியைச் சுற்றி மண்வெட்டியை ஆழ இறக்கி வேரில் ஒரு பகுதியை அறுத்துவிடும் கடுமையான வைத்தியம் தோட்டக்காரரிடையே வழங்கிற்று.

மூன்றாவதாகிய கவாத்து எல்லாவற்றிலும் நுட்பமானது. அடுத்த வசந்தத்தின் பூ இந்தக் கோடையிலேயே அரும்புக்குள் உருவாகிவிடுவதால், பூ உதிர்ந்து இரண்டு மாதங்கள் ஆனபின், ஜூலை ஆகஸ்டில், சாட்டைபோல் வீசிய புதுக்கொடிகளை ஐந்தாறு இலைகள் விட்டு வெட்டவேண்டும். ஜனவரி பிப்ரவரியில் இலையில்லாக் கொடியை மறுபடி ஆராய்ந்து, அதே கிளைகளை இரண்டு மூன்று கணுக்களுக்குக் குறுக்கவேண்டும். அந்தப் பனிக்காலக் கிளையைக் கையிலெடுத்து நோக்கினால், இலையரும்பு மெலிந்து கூர்ந்து கிளையோடு ஒட்டிக் கிடப்பதையும், பூவரும்பு பருத்து நுனி மழுங்கிச் சற்றே விலகி நிற்பதையும் காணலாம். இந்த வேற்றுமை தெரியாமல் கத்தியெடுப்பவர் அந்த வருஷத்துப் பூ முழுவதையும் ஒரே பகலில் குப்பைமேட்டுக்கு அனுப்பிவிடுவார். பின்பனியில் அரும்பு கருகிப்போவதும் உண்டு. அதற்குத் தெய்வத்தைத்தான் நோகவேண்டும்.

மனிதக் கண்காணிப்பு விலகினால் இக்கொடி என்ன செய்யும் என்பதற்குக் கலிபோர்னியாவின் சியரா மாட்ரே ஊரே சாட்சி. 1894-இல் ஒரு குடும்பத்தினர் 75 சென்ட் விலைக்கு வாங்கி வீட்டு வாசலில் நட்ட சீனக் கொடி, காலப்போக்கில் வீட்டுக் கூரையையும் சுவரையும் நெருக்கிச் சிதைத்து, கடைசியில் 1931-இல் அவ்வீடே இடிக்கப்படும்படி செய்துவிட்டது. ஓர் ஏக்கருக்கு மேல் படர்ந்து, 250 டன் எடை என்று மதிக்கப்பட்டு, உலகின் மிகப்பெரிய பூக்குஞ்செடியென 1990-இல் கின்னஸ் பதிவிலும் அது ஏறிற்று. வீட்டை இழந்த ஊரார் கொடிக்கு ஆண்டுதோறும் திருவிழா எடுக்கிறார்கள். அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களிலோ தோட்டத்தைத் தாண்டிக் காடேறிய ஆசியக் கொடிகள் மரங்களை இறுக்கி மாய்ப்பதால், அவற்றைக் களையென்றே கருதி ஒழிக்கின்றனர்.

இதற்கு நேர் மாறானது ஜப்பானின் ஆஷிகாகா மலர்ப் பூங்காவில் நிகழ்ந்தது. பழைய பண்ணை ஒன்றில் இருந்த நூற்றாண்டு கடந்த கொடியை, 1996-இல் ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவிலுள்ள புது இடத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டியதாயிற்று. அடிமரம் ஏறக்குறைய ஒரு மீட்டர் விட்டமுள்ள அக்கொடியைப் பெயர்த்து நடுவது நடவாத காரியம் என்று வல்லுநர் பலர் கைவிரித்த நிலையில், மர வைத்தியர் என்ற பட்டம் பெற்ற த்சுகமோடோ கொனாமி என்னும் அம்மையார் அதை ஏற்றார். கயிறு உறுத்தினாலே அழுகத் தொடங்கும் மென்பட்டையைக் காக்க, எலும்பு முறிந்தவர்க்குக் கட்டும் மாவுக்கட்டை அடிமரத்துக்குப் போட்டு, இரண்டாண்டு ஆயத்தத்துக்குப் பின் அதைத் தூக்கினார். அன்று 72 சதுர மீட்டராக இருந்த பந்தல் இன்று 1,000 சதுர மீட்டராகப் பரந்திருக்கிறது.

குளிர்நாடுகளில் குடியேறித் தோட்டத்துடன் வீடு வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. விஸ்டீரியா வாங்குவதாயின் பூத்திருக்கும் சமயம் பார்த்து, அடித்தண்டில் ஒட்டின் தடிப்பைக் கண்ணால் கண்டு வாங்குங்கள். வெயில் நன்றாக விழும் இடத்தில், கனமான கம்பியோ மரச்சட்டமோ அமைத்து நடுங்கள். கூரை நீர்க்குழாயின் பக்கம் அண்டவிடாதீர்கள். வெல்வெட்டுப் போன்ற அதன் காய்களும் உள்ளிருக்கும் விதைகளும் நஞ்சு. காய் முற்றி உலர்ந்ததும் சடாரென்று வெடித்து விதை வெகுதூரம் தெறிக்குமாதலால், குழந்தைகள் விளையாடும் வீட்டில் காய்களை வெடிக்குமுன்பே அறுத்து எறிந்துவிடுங்கள்.