எந்த நாளிலிருந்து எண்ணுவது?

2011 ஜனவரி கடைசியில் ஆப்பிளின் முதல் ஐபேட் இந்தியக் கடைகளுக்கு வந்தது. ஆரம்ப விலை 27,900 ரூபாய். அமெரிக்காவில் அது விற்பனைக்கு வந்து அப்போதே பத்து மாதம் ஓடியிருந்தது. இங்கே வந்து ஐந்து வாரம்கூட ஆகவில்லை, மார்ச் 2ஆம் தேதி ஐபேட் 2 அறிவிக்கப்பட்டது. அடுத்த வருடம் மே மாதம் முதல் ஐபேடுக்கு 5.1.1 என்ற அப்டேட் வந்தது. அதுதான் கடைசி. செப்டம்பரில் ஐஓஎஸ் 6 வெளியானபோது முதல் ஐபேடின் பெயர் பட்டியலில் இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2010 ஏப்ரலில் நியூயார்க்கில் வரிசையில் நின்று வாங்கியவருக்கு இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் மேலே அப்டேட் கிடைத்தது. அதே பொருளைச் சென்னையில் முதல் நாளே வாங்கியவருக்குப் பதினைந்து மாதம்தான். இரண்டு பேரும் கொடுத்தது முழு விலை.

விலை கூடிய டேப்லெட்டுகளுக்கு நிறுவனங்கள் தொடர்ந்து அப்டேட் தரணுமா என்று பேச்சு வந்தாலே நண்பர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். "இவ்ளோ காசு கொடுத்திருக்கேன், தரத்தான் வேணும்" என்பது ஒரு கட்சி. "பழைய மாடலுக்கு எத்தனை வருஷம்தான் உட்கார்ந்து வேலை பார்ப்பான்?" என்பது இன்னொன்று. இரண்டு கட்சியும் எத்தனை வருடம் என்பதைப் பற்றியே சண்டை போடுகின்றன. அந்த வருடங்களை எந்த நாளிலிருந்து எண்ணுகிறோம் என்பதை யாரும் கேட்பதில்லை. என்னைப் பொறுத்தவரை முக்கியமான கேள்வியே அதுதான். அதற்கு ஒரு பதினைந்து வருடக் கதை இருக்கிறது.

*

முதலில் "இலவச அப்டேட்" என்ற சொல்லைக் கொஞ்சம் சந்தேகப்படுவோம்.

2008 ஜூலையில் ஐபோனுக்கும் ஐபாட் டச்சுக்கும் 2.0 என்ற புதிய மென்பொருள் வந்தது. ஐபோன்காரர்களுக்கு அது இலவசம். ஐபாட் டச் வைத்திருந்தவர்கள் 9.95 டாலர் கட்ட வேண்டியிருந்தது. இந்த வித்தியாசத்துக்குக் காரணம் கணக்குப் புத்தகம். ஐபோன் விற்ற பணத்தை ஆப்பிள் அன்றைக்கே முழு வருமானமாகக் காட்டாமல் இரண்டு வருடத்துக்குப் பரப்பி எழுதிவந்தது. ஐபாட் டச்சின் பணத்தை விற்ற உடனேயே வருமானமாகக் காட்டிவிட்டது. கணக்கு முடிந்துபோன ஒரு பொருளுக்குப் புது வசதியைச் சும்மா கொடுத்தால் அன்றைய கணக்கியல் விதிகளில் சிக்கல் வரும் என்பது நிறுவனத்தின் வாதம்.

2009இல் அமெரிக்காவில் அந்த விதி மாறியது. அதற்குப் பிறகு ஆப்பிள் தன் ஆண்டறிக்கைகளில் வேறு முறையைப் பின்பற்றுகிறது. ஒவ்வொரு கருவியின் விலையிலும் ஒரு சிறு தொகையை எதிர்கால மென்பொருள் மேம்பாட்டுக்கு என்று பிரித்துவைக்கிறது. அந்தத் தொகையை மட்டும், கருவியின் உத்தேச ஆயுள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வருமானத்தில் சேர்க்கிறது.

இதை வேறு மாதிரிச் சொன்னால், அப்டேட்டுக்கான காசை நாம் கடையிலேயே கொடுத்துவிட்டோம். இதை நான் ஊகித்துச் சொல்லவில்லை, நிறுவனமே முதலீட்டாளர்களுக்கு எழுதிக்கொடுக்கும் கணக்கு இது. முன்பணம் வாங்கியவர் எப்போது வரைக்கும் வேலை பார்ப்பார் என்று சொல்ல வேண்டாமா?

*

அப்டேட் என்றால் ஐகான் நிறம் மாறுவது, பேட்டரி சீக்கிரம் தீர்வது என்று நினைக்கிறவர்களுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 2013இல் வந்த ஐஓஎஸ் 7இல்தான் தமிழ் விசைப்பலகை ஆப்பிள் கருவிகளுக்குள்ளேயே வந்தது. தமிழ்99, அஞ்சல் என இரண்டு முறைகளும் இருந்தன. 2011இல் ஐபேட் 2 வாங்கியவர் ஒரு ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டு அப்டேட்டை அழுத்தியிருப்பார், காலையில் அவருடைய கருவிக்குத் தமிழ் எழுதத் தெரிந்திருக்கும். சில வாரங்களுக்கு முன்னால் முதல் ஐபேட் வாங்கியவருக்கு அது நடக்கவே இல்லை. இங்கிலீஷ்காரருக்கு அப்டேட் நின்றால் புது வசதி நிற்கும். நம்மைப் போலத் தாமதமாக வந்து சேரும் மொழிக்காரர்களுக்கு மொழியே நின்றுபோகலாம்.

நிறுவனங்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. முதல் ஐபேடில் இருந்தது 256 எம்பி நினைவகம், ஐபேட் 2இல் அதன் இரண்டு மடங்கு. புது மென்பொருளைச் சின்ன நினைவகத்தில் திணித்தால் திறந்த செயலி மூடிக்கொள்ளும். ஆண்ட்ராய்டில் இன்னும் சிக்கல். அங்கே கூகுள் எழுதிய நிரல், சிப் தயாரித்தவர் தரும் டிரைவர், டேப்லெட் செய்தவரின் மேல்பூச்சு மூன்றும் ஒத்துப்போக வேண்டும். நடுவில் ஒருத்தர் கையை விரித்தால் எல்லாமே நின்றுவிடும். 2012இல் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் மொபைல், டேப்லெட் சிப் தொழிலிலிருந்து ஒதுங்கியது. அடுத்த வருடம் ஆண்ட்ராய்டு 4.4 வந்தபோது, அந்த சிப் இருந்த கேலக்ஸி நெக்சஸ் போனுக்கு அப்டேட் கிடையாது என்றது கூகுள். சொன்ன காரணம்: 18 மாதம் முடிந்துவிட்டது.

அந்த 18 மாதத்துக்கும் ஒரு கதை உண்டு. 2011 மே மாதம் நடந்த கூகுள் மாநாட்டில் பெரிய தயாரிப்பாளர்கள் சேர்ந்து ஒரு கூட்டணி அறிவித்தார்கள். புதிய கருவிகளுக்கு, வன்பொருள் தாங்கினால், 18 மாதம் வரை அப்டேட் வரும் என்றார்கள். கைதட்டல் விழுந்தது. பிறகு அந்தக் கூட்டணியின் பேச்சையே காணோம். அது நிறைவேறியிருந்தாலும், எண்ணிக்கை கருவி சந்தைக்கு வந்த நாளிலிருந்துதான். ஒரு வருடம் கழித்து வாங்கியவருக்கு மிஞ்சுவது ஆறு மாதம்.

ஆப்பிளிலும் இதே கணக்குத்தான். ஐபேட் 2, 2014 மார்ச் வரை விற்பனையில் இருந்தது. முதல் ஐபேட் மினி 2015 ஜூன் வரை. 2016 செப்டம்பரில் ஐஓஎஸ் 10 வந்தபோது இரண்டுமே வெளியே. ஐபேட் 2வை முதல் நாள் வாங்கியவருக்கு ஐந்தரை வருடம் கிடைத்தது, தாராளம்தான். மினியைக் கடைசி மாதம் வாங்கியவருக்குக் கிடைத்தது சுமார் பதினைந்து மாதம். சென்னை வாசகருக்கு இந்த எண் பழக்கமானது.

*

சரி, அப்டேட் நின்றால்தான் என்ன? பொருள் வேலை செய்யத்தானே செய்கிறது?

2015 ஜூலை வரைக்கும் இந்தக் கேள்வி கொஞ்சம் எடுபட்டது. அந்த மாதம் ஸ்டேஜ்ஃப்ரைட் என்ற ஓட்டை வெளியே தெரிந்தது. ஒரு எம்எம்எஸ் அனுப்பியே ஆண்ட்ராய்டு கருவிக்குள் நுழைய வழி இருந்தது. ஆகஸ்டிலேயே கூகுளும் சாம்சங்கும் மாதாமாதம் பாதுகாப்பு அப்டேட் தருவோம் என்றன. அதுவரை பண்டிகைக்குப் பண்டிகை வெள்ளையடிப்பது போல இருந்த விஷயம், அதன் பிறகு தினமும் கதவைப் பூட்டுவது போல ஆகிவிட்டது.

பூட்டு மட்டும் பிரச்சினை இல்லை. 2021 செப்டம்பர் 30ஆம் தேதி, இணையதளங்களின் நம்பகத்தன்மையை உறுதிசெய்யும் ஒரு பழைய மூலச் சான்றிதழ் காலாவதியானது. லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பின் சான்றிதழைப் பயன்படுத்திய பல தளங்கள், ஐஓஎஸ் 9இல் நின்றுபோன ஐபேடுகளில் அன்றோடு திறக்க மறுத்தன. திரை, பேட்டரி, வைஃபை எதிலும் கோளாறு கிடையாது. புதிய சான்றிதழை நம்பச் சொல்லும் சில வரிகள் அதற்குள் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

என்னிடமும் அப்படி ஒன்று இருக்கிறது. எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை. ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் கொடுத்து வாங்கியது. வங்கிச் செயலி முதலில் விலகியது, பிறகு பாடங்கள் கேட்கும் செயலி. ரிப்பேர் கடை அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பொருள் நல்லா இருக்கே தம்பி, இதுல நான் என்னத்த ரிப்பேர் பண்றது?" என்றார். கண்ணாடி உடைந்தால் மாற்றத் தெரிந்த கை அவருடையது. இந்தப் பழுது அவர் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைக்கப்பட்டிருந்தது.

பூட்டாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் சாட்சி உண்டு. 2011 ஜூலை 1ஆம் தேதி எச்பி நிறுவனம் டச்பேட் என்ற டேப்லெட்டை 499 டாலருக்கு விற்கத் தொடங்கியது. 49ஆவது நாள் கைவிட்டது. மிச்சச் சரக்கை 99 டாலருக்குத் தள்ளிவிட்டது. சில மாதங்களிலேயே தன்னார்வ நிரலாளர்கள் சயனோஜென்மாட் என்ற திறந்த ஆண்ட்ராய்டு வடிவத்தை அதில் ஓடவைத்தார்கள். பெற்றவர் கைவிட்ட பிள்ளையை ஊர் சேர்ந்து பல வருடம் வளர்த்தது.

*

இதை நீதிமன்றத்துக்கும் கொண்டுபோனார்கள். நெதர்லாந்தின் நுகர்வோர் சங்கமான கன்சுமெண்டன்பாண்ட் 2016இல் சாம்சங் மீது வழக்குப் போட்டது. அவர்கள் கேட்டது போன் வெளியான நாளிலிருந்து நான்கு வருடம், அல்லது விற்ற நாளிலிருந்து இரண்டு வருடம். அந்த "விற்ற நாளிலிருந்து" என்ற சொல்லைத்தான் நான் அடிக்கோடிடுவேன். 2018இல் ஹேக் நகர நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. இனி வரப்போகும் ஓட்டைகளுக்கு இப்போதே கட்டளையிட முடியாது என்ற ரீதியில் தீர்ப்பு போனது.

அதே வருடம் அக்டோபரில் இத்தாலியில் நேர் எதிர்த் திசையில் ஒரு முடிவு வந்தது. அப்டேட் கொடுத்துப் பழைய போன்களின் வேகத்தைக் கெடுத்தார்கள் என்று போட்டி ஆணையம் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் போட்டது. கொடுக்காவிட்டால் வழக்கு, கொடுத்தால் அபராதமா என்று நிறுவனங்கள் கேட்கலாம். ஆனால் இரண்டும் வேறு வேறு. புது வசதி தரும் பெரிய அப்டேட் ஒன்று, ஓட்டையை அடைக்கும் சின்ன அப்டேட் இன்னொன்று. வசதியைப் பழைய கருவிக்குத் தர முடியாது என்றால் ஒத்துக்கொள்ளலாம். ஓட்டையை அடைக்காமல் விடுவதை ஒத்துக்கொள்ள முடியாது.

ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் எழுதிய விதி, 2025 ஜூன் 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. போன்களுக்கும் டேப்லெட்டுகளுக்கும் குறைந்தது ஐந்து வருடம் அப்டேட் என்கிறது. அந்த மாடலின் கடைசிப் பிரதி சந்தைக்கு வந்த நாளிலிருந்து எண்ணுகிறது. ஐபேட் மினியைக் கடைசி மாதம் வாங்கியவரை யாரோ நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் வாசகத்தில் ஒரு சந்து இருக்கிறது. நிறுவனம் அப்டேட் வெளியிட்டால் அதை இவ்வளவு காலம் இலவசமாகத் தர வேண்டும் என்பதுபோல எழுதியிருக்கிறார்கள். வெளியிடவே இல்லை என்றால்? ஓர் "ஆல்" விகுதிக்குள் ஒரு லாரியே போய்விடும்.

இப்போது ஏழு வருடம் என்ற பேச்சு வந்திருக்கிறது. 2023 அக்டோபரில் பிக்சல் 8 போனுக்கு கூகுள் அதை அறிவித்தது. நான்கு மாதம் முன்னால் அதே கூகுள் வெளியிட்ட பிக்சல் டேப்லெட்டுக்குப் பாதுகாப்பு அப்டேட் ஐந்து வருடம்தான். போனைவிட டேப்லெட்டைத்தான் வீட்டில் அதிக வருடம் வைத்திருக்கிறோம், அம்மாவுக்கு, பிறகு குழந்தைக்கு என்று கைமாற்றிக்கொண்டே. அந்த ஏழும் ஐந்தும்கூட அமெரிக்காவில் கூகுள் கடைக்கு வந்த நாளிலிருந்துதான் எண்ணப்படுகின்றன.

ஆகவே என் கோரிக்கை மூன்று. ஓட்டை அடைக்கும் அப்டேட், கடைசிப் பிரதி விற்ற நாளிலிருந்து ஐந்து வருடமாவது வரட்டும். அது முடிகிற அன்று பூட்டைத் திறந்து சாவியை வாங்கியவரிடம் கொடுத்துவிடட்டும், மிச்சத்தை ஊர் பார்த்துக்கொள்ளும். மூன்றாவது, ஒரு தேதி. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், பாதுகாப்பு அப்டேட் எதுவரை என்பதை விற்கும்போதே சொல்லியாக வேண்டும். நம் ஊர்ப் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். எம்ஆர்பி இருக்கிறது, தயாரித்த மாதமோ இறக்குமதி செய்த மாதமோ இருக்கிறது. முப்பது ரூபாய் ரொட்டிப் பொட்டலத்தில்கூட எதுவரை நல்லது என்று அச்சடித்திருக்கிறார்கள். முப்பதாயிரம் ரூபாய்ப் பெட்டியிலும் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது.