நாவல் தட்டும் மார்க்கத் தட்டும்

கொழும்பில் தமிழ் நாவலொன்றைத் தேடிப் புறப்பட்டவர்கள் பல காலமாக வந்து சேர்ந்த இடங்கள் இரண்டு: செட்டியார் தெருவும் வெள்ளவத்தைக் காலி வீதியும். இரண்டிலும் பூபாலசிங்கம் புத்தகசாலை கிளை கண்டது. அதன் வேர் யாழ்ப்பாணத்தில். இடதுசாரியான ஆர். ஆர். பூபாலசிங்கம் பத்திரிகை விற்று வளர்த்த கடை அது. 1981இல் யாழ். பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்த அந்நாட்களிலேயே அக்கடையும் எரியூட்டப்பட்டது. நூலகத்தைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறோம். கடையைப் பற்றி எழுதியது சொற்பம். ஆனால் ஆளறிந்து ஒரு புத்தகத்தை எடுத்துக் கையில் தருவது கடைக்காரர்தான். சில நூறு பிரதிகளே அச்சாகி, விமர்சனம் வருமுன் மறந்துபோகும் நம் நூல்களுக்கு அதைவிட வேறு விளம்பரம் ஏது?

தொண்ணூறுகளில் நான் கொட்டாஞ்சேனையில் அறையெடுத்திருந்தேன். மாலையில் நடந்தே செட்டியார் தெருப் பக்கம் போவேன். ஒருநாள் கடையொன்றில் முதியவர் ஒருவர் தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யை நீட்டினார். 1988இல் வெளிவந்த நூல்.

"நானா, உங்கட ஆக்கள்ர கதை. மார்க்கப் புத்தகமெண்டு நினைக்காதேங்கோ, நாவல்."

அந்த எச்சரிக்கை ஏனென்று பின்னர்தான் விளங்கிற்று. வேறொரு கடையில் அதே நாவல் துஆத் தொகுப்புகளுக்கு நடுவே கிடந்தது. ஆசிரியர் பெயரைப் பார்த்து யாரோ அடுக்கியிருக்கிறார்கள். ஊர் முதலாளியின் அகந்தையைக் கிழித்துக் காட்டிய நாவலுக்குக் கிடைத்த இடம் அது!

இந்தக் கணக்கில் பார்த்தால் சித்திலெவ்வையின் 'அசன்பே சரித்திரம்' எங்கே இருக்கும்? 1885இல் வெளியான அந்நூல் தமிழின் மிக ஆரம்பகால நாவல்களுள் ஒன்று. இலங்கையின் முதலாவது தமிழ் நாவலென்று கொள்ளப்படுவது. கதை எகிப்திலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் நடக்கிறது. நாவல் தட்டில் அதைக் கண்டதாக எனக்கு ஞாபகமில்லை.

தன்வரலாறு கேட்டபோது டொமினிக் ஜீவாவின் 'எழுதப்படாத கவிதைக்கு வரையப்படாத சித்திரம்' கிடைத்தது. சலூனில் இருந்துகொண்டு 'மல்லிகை'யை வளர்த்தவரின் வாழ்க்கை. சாதியின் காயம் அதில் நேராகவே பேசுகிறது. சரி, 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட எங்களவர் ஒருவரின் தன்வரலாறு உண்டா என்று கேட்டேன். கடைக்காரர் சற்று யோசித்து ஒரு சிறுகதைத் தொகுதியை எடுத்துத் தந்தார். அவரில் பிழையில்லை. எழுதாததை அவர் எப்படி விற்பார்? பிள்ளைகளுக்கான படப்புத்தகங்களோ பெரும்பாலும் சென்னையிலிருந்து வந்தவை. அவற்றில் தொப்பி போட்ட ஒரு வாப்பாவைத் தேடி என் மகள் அலுத்துப்போனாள்.

துஆப் புத்தகங்களுக்கிடையே கிடந்த அந்த மீரானை, யாரும் பாராத நேரம் எடுத்து நாவல் தட்டில் வைத்துவிட்டு வந்தேன். அடுத்த மாதம் போனபோது அது அங்கே இல்லை. விற்றதா, பழைய இடத்துக்கே போயிற்றா என்று நான் கேட்கவில்லை.