கடிக்கும் சொல்லும் மெல்லும் சொல்லும்

அறபு இலக்கணம் ஓதிய நாட்களில் எங்கள் உஸ்தாத் இரண்டு சொற்களைக் கரும்பலகையில் எழுதினார். இரண்டும் தின்பதைக் குறிப்பவை. முதலெழுத்து மட்டுமே வேறு: ஒன்றில் தொண்டையில் உரசி வரும் ‘கா’, மற்றதில் உள்நாக்கில் அடித்துப் பிறக்கும் ‘காஃப்’. “ஒண்டு வத்தகப்பழம் தின்னுறது. மத்தது குதிர காஞ்ச வாற்கோதும கடிக்கிறது. காதால கேட்டுச் சொல்லுங்க, எது எது?” என்றார். வகுப்பே சரியாகச் சொல்லிவிட்டது.

இந்த உதாரணம் ஆயிரம் வருடப் பழையது என்பது பிறகுதான் தெரிந்தது. ஹிஜ்ரி 392இல் (கி.பி. 1002) பக்தாதில் மறைந்த இப்னு ஜின்னீ, ‘அல்கஸாயிஸ்’ நூலில் இதற்கென்றே ஒரு பாடம் ஒதுக்கியிருக்கிறார். மோஸுலில் பிறந்த அவருடைய தந்தை ஒரு கிரேக்க அடிமை. வீட்டு மொழியாக அல்லாமல் உழைத்துத் தேடிய மொழியாக அறபு வந்ததால்தானோ என்னவோ, அவர் காது அவ்வளவு கூர்மை! மெல்லிய ‘கா’ ஈரமான உணவுக்கு, வன்மையான ‘காஃப்’ உலர்ந்த உணவுக்கு என்கிறார். தண்ணீர் மெதுவாகக் கசிவதற்கு ‘ஹா’, பீறிட்டுப் பாய்வதற்கு அதைவிட அழுத்தமான ‘கா’ என்றும் காட்டுகிறார். காற்றின் இரைச்சல், இடி, காகத்தின் கரைதல் ஆகியவற்றிலிருந்தே மொழிகள் பிறந்தன என்ற கருத்தும் அவருக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் மொழி இறைவன் கற்றுக்கொடுத்ததா, மனிதர் கூடி வகுத்ததா என்பதில் அவர் கடைசிவரை முடிவு சொல்லவில்லை.

எனக்கு முழு உடன்பாடில்லை. பஞ்சுக்கு அறபில் ‘குத்ன்’; வன்மையான காஃபில்தான் தொடங்குகிறது. பாறைக்கு ‘ஸக்ர்’, நடுவில் மெல்லிய கா. சொல்லுக்குப் பொருள் வந்த காரணம் வெளிப்படையாகத் தோன்றாது என்ற தொல்காப்பியர் பக்கம்தான் மனம் சாய்கிறது. ஆனால் அந்த உஸ்தாதின் வகுப்பை எப்படி மறுப்பது?

போன மாதம் இதைத் தமிழில் எழுத உட்கார்ந்தபோதுதான் சிக்கல். தின்பதற்கான அந்த இரண்டு சொற்களும் தமிழெழுத்தில் ‘கழ்ம்’, ‘கழ்ம்’! பழமும் வாற்கோதுமையும் ஒன்றாகிவிட்டன. இதயமும் நாயும் ‘கல்ப்’ ஆவதைச் சொல்லி நாம் சிரிப்பதுண்டு. இது அப்படிச் சிரித்துவிட்டுப் போகும் காரியமாகத் தெரியவில்லை.

உம்மம்மாவின் பெட்டியில் ஒரு அறபுத்தமிழ் ஏடு கிடக்கிறது. தமிழ்தான், ஆனால் அறபெழுத்தில். அதில் ‘கபர்’ என்ற செய்திக்குக் கா, ‘கப்ர்’ என்ற மண்ணறைக்குக் காஃப், பிசகே இல்லை. அறபுத்தமிழ் வாசித்துப் பழக்கமில்லாத எனக்கு, ஒரு பக்கத்தை எழுத்துக்கூட்டி முடிக்க அஸர் ஆகிவிட்டது.