வங்கி கண்ட வனிதை

வீட்டுப் பணத்தை எண்ணிச் செலவிடும் பொறுப்பைப் பெண்ணிடம் ஒப்படைத்த உலகம், ஊர்ப் பணத்தை எண்ணும் இடத்தில் அவளை அமர்த்த நெடுங்காலம் தயங்கிற்று. அத்தயக்கத்தை வென்ற ஒருவரின் வரலாறு ஆசிரியர்களாகிய நமக்குச் சிறப்பாக உரியது. அவரும் நம்மைப்போல் கரும்பலகையின் முன் நின்றவரே.

மேகி லீனா வாக்கர் 1864ஆம் ஆண்டு, அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்ட் நகரில் கறுப்பினக் குடும்பத்திற் பிறந்தார். அன்னையார் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். பிறர் துணி வெளுத்துக் குடும்பத்தைக் காத்தவர். அத்துணிகளைச் சுமந்து வீடுதோறும் சென்ற சிறுமி, 1883இல் படிப்பை முடித்து ஆசிரியையானார். 1886இல் திருமணம் நடந்தது. மணமான பெண் பள்ளியிற் பணியாற்றலாகாது என்பது அக்கால விதி. ஆகவே வேலை போயிற்று.

ஆயினும் அவர் ஓய்ந்துவிடவில்லை. நோயுற்றோர்க்கும் இறந்தோர் குடும்பத்திற்கும் உதவும் செயின்ட் லூக் சங்கத்தில் இளமையிலேயே சேர்ந்திருந்தார்; கணக்கியலும் கற்றார். 1899இல் அச்சங்கத்தின் தலைமைச் செயலாளர் பொறுப்பேற்றபோது பெட்டியில் இருந்தது 31 டாலர் 61 காசு. கடனோ ஏறத்தாழ 400 டாலர்! அந்நிலையிலிருந்த சங்கத்திற்கு ஒரு வங்கி வேண்டும் என்று 1901இல் அவர் எடுத்துரைத்தார். எண்ணியதோடு அமையாது, நகரத்து வங்கி ஒன்றிற்கு நாள்தோறும் சென்று அதன் நடைமுறைகளைப் பயின்றார்.

1903 நவம்பர் 2ஆம் நாள் செயின்ட் லூக் பென்னி சேமிப்பு வங்கி திறக்கப்பட்டது. முதல்நாள் வந்தோர் 280 பேர். வைப்பும் பங்குத்தொகையுமாகச் சேர்ந்தது 9,000 டாலருக்கு மேல். அமெரிக்காவில் வங்கி நிறுவித் தலைமை தாங்கிய முதல் கறுப்பினப் பெண்மணி என்னும் பெருமை அவருக்கு உரியதாயிற்று.

எனினும் அவரது உண்மைப் பெருமை அப்பதவியில் இல்லை. அந்நாளில் ரிச்மண்ட் கறுப்பினப் பெண்களுக்குக் கிடைத்தவை சலவையும் வீட்டு வேலையும் புகையிலை ஆலை வேலையுமே. வாக்கர் அம்மையாரோ அவர்களை அழைத்துச் சங்க அலுவலகத்தில் எழுத்தர்களாக அமர்த்தினார். வங்கியின் இயக்குநர் குழுவிலும் பெண்களுக்கு இடமளித்தார். பெண்ணுக்குத் துணைநிற்றல் என்பது புகழுரை வழங்குவதன்று; கணக்கேட்டையும் நாற்காலியையும் ஊதியத்தையும் வழங்குவதே என்பதை இச்செயல் காட்டுகிறது.

சிறுவர்க்கும் உண்டியற் பெட்டிகள் கொடுத்தார். ஒரு டாலர் சேர்ந்ததும் வங்கியிற் கணக்குத் தொடங்கலாம். பெரும் பொருளாதார வீழ்ச்சி தொடங்கியபின், 1930இல் வங்கி பிற வங்கியோடு இணைந்து நிலைத்தது. இணைந்த வங்கியின் இயக்குநர் குழுவுக்கும் அவரே தலைவரானார். 1934இல் மறைந்தார்.

நம் மலேசியாவிலும் டாக்டர் செத்தி அக்தார் அசிஸ் அம்மையார் 2000 முதல் 2016 வரை பேங்க் நெகாராவின் ஆளுநராக வீற்றிருந்தார். அந்நாற்காலியில் அமர்ந்த முதற்பெண் அவரே. வழி திறந்துவிட்டது, நடப்பதற்குக் கால்கள் வேண்டும் அன்றோ?

தோட்டப் பள்ளியில் பல்லாண்டு பணியாற்றிய என் நெஞ்சை உறுத்துவது ஒன்றுண்டு. கணக்கில் வல்ல மாணவியைக் கண்டால், "நல்ல குடும்பம் நடத்துவாள்" என்று வாழ்த்தியனுப்பினேன். "வங்கி நடத்துவாய்" என்று ஒருத்தியிடமேனும் சொன்னேனா? இல்லை. அச்சொல்லை நாளை நம் வகுப்பிற் சொல்வோம், ஆசிரியப் பெருமக்களே!