ஸ்பானிய மொழியில் காரணமும் விளைவும்

ஸ்பானிய வினைச்சொற்களுக்கு இந்திகாத்திவோ, சுப்ஹுந்திவோ என இரு பெரும் வடிவ வரிசைகள் உண்டு. முன்னதைக் கூற்று வினை என்றும் பின்னதைச் சார்பு வினை என்றும் இங்கே வழங்குவோம். உண்மையாக நடந்தது கூற்று வினையில் வரும், ஐயமும் விருப்பமும் சார்பு வினையில் வரும் என்பது தொடக்கநிலை மாணவர்க்குச் சொல்லப்படும் விதி. காரண காரிய வாக்கியங்களில் இவ்விதி நிலைப்பதில்லை. அங்கே வடிவத்தை முடிவு செய்வது நிகழ்ச்சியின் உண்மை அன்று. பேசுபவர் எதைத் தம் கூற்றாக முன்வைக்கிறார் என்பதே.

காரணத்தை முதலில் பார்ப்போம். 'போர்கே' என்னும் காரண இடைச்சொல்லுக்குப் பின் வழக்கமாகக் கூற்று வினையே வரும். அதை மறுத்து 'நோ போர்கே' என்றால் சார்பு வினை வரும். 'அவர் உழைப்பது பணம் தேவை என்பதால் அன்று, பிடித்திருப்பதால்' என்னும் கருத்தை ஸ்பானியர் சொல்லும்போது, தேவைக்குச் சார்பு வடிவமாகிய 'நெசெசீதே' வரும். பிடித்தலுக்குக் கூற்று வடிவமாகிய 'குஸ்தா' வரும். அவருக்குப் பணத்தேவை மெய்யாகவே இருக்கலாம். அதை வாக்கியம் மறுக்கவில்லை. அது காரணம் என்பதைத்தான் மறுக்கிறது. இவ்வழக்கம் பழையது: இலத்தீனிலும் தள்ளப்பட்ட காரணத்தைச் சொல்லும் 'நோன் குவோத்' தொடருக்குப் பின் சார்பு வினை வரும்.

விளைவிலும் இதே நிலைதான். 'ஆப்லோ தே மோதோ கே தோதோஸ் லோ எந்தெந்தியேரோன்' என்றால் அவர் பேசினார், எல்லோருக்கும் விளங்கிற்று. இறுதிச் சொல்லை 'எந்தெந்தியேரான்' என்று மாற்றினால், எல்லோருக்கும் விளங்க வேண்டும் என்று பேசினார். விளங்கியதா என்பது சொல்லப்படவில்லை. இடைச்சொல் ஒன்றே, ஓர் உயிரெழுத்து மாற, விளைவு நோக்கமாகிவிடுகிறது. இலத்தீனின் 'உத்' என்னும் இடைச்சொல் விளைவு, நோக்கம் இவ்விரண்டுக்கும் சார்பு வினையையே கொண்டது. ஸ்பானியமோ வினைவடிவத்தாலேயே இரண்டையும் பிரித்துக்கொண்டது. 'கோமோ' என்னும் இடைச்சொல்லிலும் இப்படியே: 'கோமோ நோ எஸ்தூதியாஸ்' என்பது 'நீ படிக்காததால்' என்னும் காரணம். 'கோமோ நோ எஸ்தூதியெஸ்' என்பது 'நீ மட்டும் படிக்காவிட்டால்' என்னும் எச்சரிக்கை. இடைச்சொல்லே வடிவத்தைக் கட்டாயப்படுத்துகிறது என்பார்க்கு இவ்விணைகளே மறுப்பு.

இக்கருத்துக்கு வலுவான தடை 'தே அஈ கே' என்னும் தொடரிலிருந்து எழுகிறது. மழை மிகுதியாகப் பெய்தது, ஆற்றில் நீர் பெருகியது அதனால்தான் என்று இத்தொடரால் சொல்லும்போது, பெருக்கு நடந்து முடிந்த நிகழ்ச்சி. ஆயினும் 'கிரெசியேரா' எனச் சார்பு வடிவமே வருகிறது. நிகழ்ச்சியின் உண்மையே வடிவத்தை முடிவு செய்யும் என்னும் உண்மைக் கொள்கைதான் இங்கே தோற்கிறது. கூற்றுக் கொள்கை தோற்கவில்லை. ஆற்றின் பெருக்கு கேட்பவர் ஏற்கெனவே அறிந்ததாக வைக்கப்படுகிறது. புதிதாகச் சொல்லப்படுவது அதற்கான விளக்கமே. பெருக்கையே செய்தியாகச் சொல்ல விரும்புபவர் 'போர் எசோ' என்றோ 'அசி கே' என்றோ தொடங்கிக் கூற்று வினையைக் கையாள்வார். 1974இல் மொழியியலாளர்களான ட்ரேசி டெர்ரெல், ஜோன் ஹூப்பர் ஆகியோர் ஸ்பானிய வினைவடிவத் தேர்வைக் கூற்று என்னும் கருத்தைக் கொண்டு விளக்கியதும் இத்தகைய சான்றுகளுக்கு இடமளிக்கிறது.

'மழை ஆட்டத்தை நிறுத்தச் செய்தது' என்பதில் நிறுத்தமும் புதிய செய்தியாகலாமே, ஆயினும் 'செய்தது' என்னும் 'இசோ கே'வுக்குப் பின் சார்பு வினை ஏன் என்று கேட்கலாம். அங்கே பேசுபவர்க்குத் தேர்வே இல்லை. நோக்கம் சுட்டும் 'பாரா கே'யும் அத்தகையதே. தேர்வில்லாத இடத்தில் வடிவம் இலக்கணக் கட்டாயமாக உறைந்துவிட்டது. தேர்வுள்ள இடத்தில்தான் அது பொருளைப் பிரிக்கிறது. ஆகவே ஸ்பானியம் கற்பிப்போர் 'இது நடந்ததா?' என்று கேட்கச் சொல்வதை விடுத்து, 'பேசுபவர் இதைத் தம் கூற்றாகச் சொல்கிறாரா?' என்று கேட்கப் பழக்க வேண்டும்.