இலவச இணையச் சேவைகள் திடீரென மூடப்படுவது ஏன்?

நீங்கள் பழகிப்போன ஓர் இலவசச் சேவை ஒருநாள் காணாமல்போகும். காசு வரல, அதான் மூடிட்டாங்கன்னு நினைப்போம். சில நேரங்களில் அதற்கு மோசடிக்காரர்களும் காரணம்.

"பயர்பாக்ஸ் செண்ட்" ஞாபகம் இருக்கா? 2019 மார்ச்சில் மொசில்லா தொடங்கிய கோப்புப் பகிர்வுச் சேவை. கணக்கு திறக்காமலேயே 1 கிகாபைட் வரை அனுப்பலாம். கோப்பு உங்கள் கணினியிலேயே மறையாக்கம் செய்யப்படும். மொசில்லாவால்கூட உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. கெடு முடிந்ததும் லிங்க் தானாக அழிந்துவிடும். அந்தரங்கம் முக்கியம் என்று நினைப்பவர்களுக்கு அருமையான வசதி.

இதையே மோசடிக்காரரின் இடத்திலிருந்து பாருங்க. பெயர் கொடுக்க வேண்டாம். கோப்பில் என்ன இருக்கு என்று யாரும் சோதிக்க முடியாது. வேலை முடிந்ததும் தடயமும் அழிந்துவிடும். லிங்க்கில் பயர்பாக்ஸ் பெயர் வேற இருக்கு, யாருக்குச் சந்தேகம் வரும்?

தீங்கு மென்பொருள்களை அனுப்பச் சேவை பயன்படுத்தப்படுவது தெரியவந்ததும், 2020 ஜூலையில் மொசில்லா அதை நிறுத்திவைத்தது. புகார் கொடுக்கும் வசதியைச் சேர்ப்போம், கணக்கு வைத்திருப்போர் மட்டுமே அனுப்ப முடியும் என்றது. ஆகஸ்ட்டில் நிறுவனம் சுமார் 250 பேரை ஆட்குறைப்பு செய்வதாக அறிவித்தது. செப்டம்பரில் சேவைக்கே மூடுவிழா. காவல் காக்க ஆள் வேணும், ஆளுக்குச் சம்பளம் வேணும். இலவசச் சேவையில் அது எங்கிருந்து வரும்?

லிங்க்கை நீக்கினால் போதாதா?

போதாது. நீண்ட முகவரியைச் சுருக்கித் தரும் சேவைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மோசடி லிங்க்கைக் கண்டுபிடித்து நீக்க ஓர் ஊழியர் மெனக்கெட வேண்டும். புதிதாக ஒன்று உருவாக்கச் சில விநாடிதான். நிரல் எழுதி வைத்தால் ஆயிரக்கணக்கில் உருவாக்கலாம்.

சில கும்பல்கள் சோதிக்க வருபவருக்குச் சாதாரணப் பக்கத்தையும் மற்றவர்களுக்குப் போலி வங்கிப் பக்கத்தையும் காட்டும். புகார் வந்ததும் ஊழியர் திறந்து பார்ப்பார், எல்லாம் ஒழுங்காகத் தெரியும்!

இதைவிடக் கொடுமை, தடுப்புப் பட்டியல்கள். புகார்கள் குவிந்தால் சேவையின் முழு முகவரியையே முடக்கிவிடுவார்கள். உங்கள் அக்காவின் கல்யாண அழைப்பிதழ் லிங்க்கும் அதோடு போச்சு.

சரி, பதிவைக் கட்டாயமாக்கலாமே? மோசடிக்காரர் திருடிய கணக்கோடு வருவார். எரிச்சலாகி விலகுவது பெரும்பாலும் நல்ல பயனீட்டாளர்தான்.

சிங்கப்பூர் அரசாங்கத்தின் "கோ.கவ்.எஸ்ஜி" லிங்க்குகளுக்கு இந்தத் தலைவலி குறைவு. அவற்றைப் பொதுத்துறை ஊழியர்கள் மட்டுமே உருவாக்க முடியும். எல்லாருக்கும் திறந்துவிடாததால்தான் அந்த முகவரியை நம்ப முடிகிறது. ஆனால் "யார் வேண்டுமானாலும் வரலாம்" என்பதே அடையாளமாக இருக்கும் சேவையால் அப்படிச் செய்ய முடியுமா?

நீங்கள் என்ன செய்யலாம்?

சந்தேகமான லிங்க் வந்தால் ஸ்கேம்ஷீல்டு செயலியில் சரிபாருங்கள், அல்லது 1799ஐ அழையுங்கள். அந்த லிங்க்கை உருவாக்கித் தந்த சேவைக்கும் புகார் அனுப்புங்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. அதில் முகவரி பாதியில் வெட்டுப்பட்டிருந்தால் அவர்களால் தேட முடியாது. லிங்க்கைத் திறக்காமல், முழுசாக காப்பி பண்ணி அனுப்புங்க.